கன்னம் வீங்கினால் எல்லாம் பொன்னுக்கு வீங்கியா?



தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நாம் பேசிய ஒரு விஷயத்தை, ஆற அமரப் படிப்பதற்கு ஏற்றபடி இந்தப் பக்கத்தில் தருகிறேன். நான் மருத்துவர் இல்லை, நிகழ்ச்சி நடத்துபவள். மருத்துவ உலகம் நன்கு அறிந்து வைத்திருப்பதை நம் வீட்டு மொழியில் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. இந்த வாரத்துப் பொருள், உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சி.

பெயரைக் கேட்டால் ஏதோ அரிதான நோய் போலத் தோன்றும். ஆனால் காதுக்கு அடியிலோ தாடைக்குக் கீழோ வீங்கிய ஒருவரையாவது பார்க்காத குடும்பம் நம்மில் இருக்காது. வீக்கத்தைக் கண்டதும் பாட்டி சொல்வது ஒரே பெயர்தான்: பொன்னுக்கு வீங்கி. சில வீடுகளில் அதையே அம்மைக்கட்டு என்பார்கள். மலாய்க்கார அண்டை வீட்டார் பெகுக் என்பார்கள். உடனே கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி ஏறும், கன்னத்தில் நீலம் பூசப்படும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும், சங்கிலியும் நீலமும்தான் குணப்படுத்தின என்று நம்புவோம்.

பிள்ளைக்கு வந்தது உண்மையிலேயே பொன்னுக்கு வீங்கி என்றால் பெரும்பாலும் அது தானாகவே வடிந்துவிடும். ஆனால் அதே வீக்கம் எழுபது வயதுத் தாத்தாவுக்கு வந்தால்? சாப்பிட உட்காரும் போதெல்லாம் வந்து போனால்? வலியே இல்லாமல் ஆறு மாதமாக அப்படியே இருந்தால்? அப்போதும் அதே பெயரைச் சொல்லி, அதே நீலத்தைப் பூசிக் காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எல்லா வீக்கமும் ஒன்றல்ல. எப்போது வந்தது, எந்தப் பக்கம் வந்தது, வலிக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டாலே காரணம் பாதி புரிந்துவிடும்.

சுரப்பிகள் எங்கே இருக்கின்றன?

நம் வாயில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதைச் சுரப்பவை மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள். காதுக்கு முன்னும் அடியிலும் இருப்பது கன்னச் சுரப்பி. மருத்துவர்கள் பரோட்டிட் என்பார்கள். தாடை எலும்புக்குக் கீழே இருப்பது தாடைச் சுரப்பி. நாக்குக்கு அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை போக உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு.

கன்னச் சுரப்பியிலிருந்து வரும் குழாய், மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. தாடைச் சுரப்பியின் குழாய் நாக்குக்கு அடியில், நடுநரம்புக்குப் பக்கத்தில் திறக்கிறது. கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அந்தச் சிறு மேடு தெரியும்.

சோற்றை நனைத்து விழுங்க உதவுவதோடு உமிழ்நீரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது; பல்லைக் காக்கிறது; கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அதில் உண்டு. ஓடுகிற ஆற்றில் பாசி பிடிக்காது, தேங்கிய குட்டையில்தான் பிடிக்கும். சுரப்பியின் கதையும் அதுதான். உமிழ்நீர் ஓடும் வரை கிருமி உள்ளே ஏற முடியாது. ஓட்டம் குறைந்தாலோ வழி அடைபட்டாலோ தொல்லை தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

பொன்னுக்கு வீங்கி: வைரஸால் வருவது

முதலில் எல்லாருக்கும் தெரிந்ததைப் பார்ப்போம். பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் நோய். இருமல், தும்மல், எச்சில் வழியாகப் பரவுகிறது. கிருமி உடலில் புகுந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகே வீக்கம் தெரியும். அதற்கு முன்பு லேசான காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, பசியின்மை வரலாம். பிறகு ஒரு பக்கக் கன்னம் வீங்கும். பெரும்பாலும் மறுபக்கமும் சேர்ந்துகொள்ளும். காது மடல் சற்று மேலே தூக்கினாற்போல் தெரிவது இதன் அடையாளம்.

வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவும். அதனால்தான் வீக்கம் கண்ட நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்கிறார்கள். வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் மருந்து இதற்கு வேலை செய்யாது. ஓய்வு, நிறைய நீர், மென்மையான உணவு, காய்ச்சலுக்கும் வலிக்கும் வயதுக்கேற்ற அளவில் பாரசிட்டமோல், இவையே போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது.

நீலம் பூசுவதால் வீக்கம் வடியாது. தோலுக்கு ஒவ்வாமல் போகலாம். மருத்துவர் பார்க்கும்போது தோலின் சிவப்பும் மறைந்துவிடும். தங்கச் சங்கிலி போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. பிள்ளையை வீட்டில் அமைதியாக உட்கார வைக்க அது உதவுமானால் நல்லதுதான். ஆனால் அது மருந்தாகாது.

பருவ வயதைக் கடந்த ஆண்களுக்கு இந்த நோய் வந்தால் விரை வீக்கம் வரலாம். தடுப்பூசி போடாத ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு அல்லது அதற்கு மேலும் இது ஏற்படுவதாகச் சொல்கிறார்கள். முழுமையான மலட்டுத்தன்மை அபூர்வம். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூளை உறை அழற்சி, கணைய அழற்சி, காது கேளாமை ஆகியவையும் சிலருக்கு வருவதுண்டு. கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வயிற்று வலி இருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. அது பிறந்த கதையும் சுவையானது. 1963-இல் அமெரிக்க விஞ்ஞானி மோரிஸ் ஹில்லமன், பொன்னுக்கு வீங்கி வந்த தம் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து வைரஸை எடுத்து, அதைப் பலவீனப்படுத்தித் தடுப்பூசி செய்தார். 1967-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்த வைரஸ் வகை இன்றும் அந்தச் சிறுமியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நம் நாட்டில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி 2002-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2016 முதல் ஒன்பதாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் போடப்படுகிறது. அதற்கு முன்பு பிறந்து, இன்று முப்பது வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் பலர் இந்த ஊசியைப் போடாதவர்களாக இருக்கலாம். தடுப்பூசி போட்டவருக்கும் சில சமயம் நோய் வரும். ஆனால் லேசாக வந்து போகும். 2024 தொடக்கத்தில் கேரளாவில் பொன்னுக்கு வீங்கி வேகமாகப் பரவியது. தமிழ்நாட்டிலும் அதிகமாகக் காணப்பட்டது. அப்போது அங்கே அரசு இலவசமாகப் போட்டுவந்த எம்ஆர் ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி இல்லை. ஊர் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

சாப்பிடும்போது வீங்கினால் கல்லாக இருக்கலாம்

இப்போது இன்னொரு காட்சி. மாமாக் கடையில் உட்கார்ந்து சூடாக ரொட்டி சானாய் எடுத்து வாயில் வைத்ததும், தாடைக்குக் கீழே சுருக்கென்று வலி. ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தானே வடிந்துவிடுகிறது. மறுநாள் மறுபடியும் அப்படியே.

உமிழ்நீர்க் குழாயில் கல் இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். உணவைக் கண்டதும் சுரப்பி நீரைச் சுரக்கிறது. வழியில் கல் மறிக்கிறது. நீர் தேங்கிச் சுரப்பி வீங்குகிறது. இந்தக் கற்களில் பத்தில் எட்டுக்கு மேல் தாடைச் சுரப்பியில்தான் உருவாகின்றன. அதன் உமிழ்நீர் சற்றுக் கெட்டியானது, குழாயும் நீளமானது, நீர் கீழிருந்து மேல்நோக்கி ஏறி வர வேண்டும். அதனால் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிறது.

"சிறுநீரகக் கல் மாதிரி தக்காளி, கீரையால் வருமா?" என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் அளவு சரியாகத்தான் இருக்கும். உடம்பில் நீர் குறைவதும் உமிழ்நீர் தேங்குவதுமே முக்கியக் காரணங்கள். நம் ஊர் வெயிலில் தெ தாரிக்கை மட்டும் குடித்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு வரும் கிருமி அழற்சி

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

உமிழ்நீர் குறைந்து வாய் காய்ந்துவிட்டால், வாயில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா கிருமிகள் குழாய் வழியே பின்னோக்கி ஏறிச் சுரப்பிக்குள் புகுந்துவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே திடீரென்று வீங்கும். தோல் சிவந்து, தொட்டால் சுடும், கடுமையாக வலிக்கும். காய்ச்சலும் குளிரும் வரும். கன்னத்தை மெல்ல அழுத்தினால் வாய்க்குள் சீழ் வரும். வாயில் கெட்ட சுவை தெரியும்.

இது யாருக்கு வருகிறது? சரியாகச் சாப்பிடாமல், குடிக்காமல் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு. பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு. வயிற்றுப்போக்காலோ கடும் காய்ச்சலாலோ உடலில் நீர் வற்றியவர்களுக்கு. இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு. பற்களையும் வாயையும் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவர்களுக்கு.

வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்பீல்டு 1881 ஜூலை 2-ஆம் தேதி துப்பாக்கியால் சுடப்பட்டார். பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். வாய்வழியே போதுமான உணவு எடுக்க முடியாமல் உடல் மிகவும் மெலிந்தார். ஆகஸ்டு மாதத்தில் அவருடைய கன்னச் சுரப்பி வீங்கிச் சீழ் பிடித்தது. மருத்துவர்கள் அதைக் கீறிவிட்டார்கள். செப்டம்பர் 19-ஆம் தேதி அவர் இறந்தார். சுரப்பி மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. உடல் முழுவதும் கிருமி பரவியிருந்தது. ஆனாலும் நாட்டின் அதிபராக இருந்தாலும் நீர் வற்றிய உடம்பில் இந்தச் சுரப்பி எப்படிச் சீழ் பிடிக்கும் என்பதற்கு அது ஒரு பாடம். அப்போது ஆன்டிபயாடிக் கிடையாது. இன்று இருக்கிறது. நேரத்தோடு கொண்டுபோனால்தான் அதற்குப் பயன்.

நம் சமூகத்துக்கு இது மிக நெருக்கமான விஷயம். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். அதோடு ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை, அலர்ஜிக்கு ஒரு மாத்திரை, மன அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று பலவற்றை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த மருந்துகளாலும் வாய் காயலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்! "டாக்டர், வாய் ரொம்பக் காய்கிறது" என்று அடுத்த முறை சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கலாம்.

மண்ணில் வாழும் ஒரு கிருமி

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. இந்த நோயை 1911-இல் ரங்கூனில் கண்டறிந்து மறு ஆண்டு எழுதி வெளியிட்டவர்கள் இருவர்: ஆல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி. பிறகு 1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஆய்வு விலங்குகளிடையே இது பரவியது. அங்கே பணியாற்றிய ஸ்டான்டன், பிளெட்சர் ஆகியோர்தாம் 1921-இல் இந்த நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள்.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆனால் குழந்தைகளுக்குக் கன்னச் சுரப்பியில் சீழ்க்கட்டியாக வருவதுண்டு. தாய்லாந்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சிவந்து, காய்ச்சல் குறையாத பிள்ளைக்குச் சீழை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பல இந்தக் கிருமியிடம் பலிக்காது. மழைக்காலத்தில் சேற்றிலும் வெள்ளத்திலும் விளையாடும் பிள்ளைகளுக்குக் கால், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

திரும்பத் திரும்ப வருவது

"என் பையனுக்கு வருடத்தில் மூன்று முறை பொன்னுக்கு வீங்கி வருகிறது" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. பொன்னுக்கு வீங்கி பொதுவாக வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். திரும்பத் திரும்ப வந்தால் அது குழந்தைகளுக்கு வரும் தொடர் கன்னச் சுரப்பி அழற்சியாக இருக்கலாம். பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கி, பருவ வயதில் தானே நின்றுவிடும். அதுவரை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், வாய் வறட்சி, மூட்டு வலி, அடிக்கடி கன்ன வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் ஷோகிரன் நோயைச் சந்தேகிப்பார்கள். சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் விவரித்த நோய் இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்தச் சுரப்பிகளைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிகமாக வருகிறது. "மாதவிடாய் நிற்கும் வயது, இதெல்லாம் சகஜம்" என்று நம் அம்மாக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும் சுரப்பி வீங்கலாம், வாய் வறளலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் அதிகமாக மது அருந்துகிறவர்களுக்கும் இரண்டு கன்னமும் வலியில்லாமல் மெல்லப் பெருத்துவிடுவதும் உண்டு. இது அழற்சி அல்ல. ஆனாலும் உடம்பு தரும் ஓர் எச்சரிக்கை.

வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

வலித்தால்தான் கிளினிக் போவோம் என்பது நம் பழக்கம். சுரப்பி விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பாகலாம். காதுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் கட்டியாக, வலியில்லாமல், வாரக்கணக்கில் மாறாமல் இருந்தாலோ மெல்ல வளர்ந்தாலோ கட்டாயம் காட்ட வேண்டும். கன்னச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை, ஏறக்குறைய பத்தில் எட்டு, புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகளே. எனவே பதற வேண்டாம். ஆனால் மீதி இரண்டு எது என்பது தடவிப் பார்த்துத் தெரிந்துவிடாது. தாடைச் சுரப்பியிலும் சின்னச் சுரப்பிகளிலும் வரும் கட்டிகளில் புற்றுநோயின் பங்கு இதைவிட அதிகம்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதல் சோதனை மருத்துவரின் கேள்விகளும் விரல்களும்தான். வாய்க்குள் குழாய் திறக்கும் இடத்தைப் பார்த்தபடியே வெளியிலிருந்து சுரப்பியை மெல்ல அழுத்துவார். தெளிந்த நீர் வருகிறதா, சீழ் வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும். பல் சொத்தையால் வந்த வீக்கமா, நெறி கட்டியதா என்பதையும் பிரித்துப் பார்ப்பார். கையுறை அணிந்து நாக்குக்கு அடியில் தடவினால் கல் தட்டுப்படுவதும் உண்டு.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வலியில்லை, கதிர்வீச்சு இல்லை. கல்லா, சீழா, கட்டியா என்று பெரும்பாலும் காட்டிவிடும். தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். கட்டி என்று சந்தேகித்தால் எம்ஆர்ஐ ஸ்கேனும், மெல்லிய ஊசியால் சில அணுக்களை எடுத்துப் பார்க்கும் சோதனையும். சீழ் இருந்தால் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஷோகிரன் நோய்க்கு ரத்தச் சோதனையும், கண்ணீர் அளவைப் பார்க்கும் சோதனையும், சில சமயம் உதட்டின் உட்புறத்தில் சிறு சதை எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

சுபாங் ஜெயா மாதிரி இடங்களில் மூலைக்கு மூலை தனியார் கிளினிக் இருக்கிறது. "செலவாகுமே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்தே பெரிய மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

சிகிச்சை என்ன?

காரணத்துக்கு ஏற்றபடிதான் சிகிச்சை. கிருமி அழற்சிக்கு ஆன்டிபயாடிக், உடலில் நீர் ஏற்றுவது, இனிப்பு நீரைக் கட்டுப்படுத்துவது, வாய்ச் சுத்தம். சீழ்க்கட்டி ஆகிவிட்டால் அதை வெளியேற்ற வேண்டும். இரண்டு நாளில் வலி குறைந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

கல் சிறியதாக இருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம், சுரப்பியிலிருந்து குழாயின் வாய் நோக்கி மெல்ல நீவிவிடுவது, நிறையத் தண்ணீர், புளிப்பாக எதையாவது சப்புவது ஆகியவற்றாலேயே வெளியே வந்துவிடலாம். எலுமிச்சைத் துண்டு போதும். அசாம் பொய் வேண்டுமானால், அதில் உப்பு அதிகம் என்பதை ரத்தக் கொதிப்புக்காரர்கள் மறக்க வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரை மிட்டாயைத் தவிர்க்க வேண்டும்.

வராத கல்லை வாய்க்குள்ளேயே சிறு கீறல் போட்டு எடுப்பார்கள். கம்பி போன்ற மெல்லிய கேமராவைக் குழாய்க்குள் செலுத்திக் கல்லை எடுக்கும் முறை 1990-களில் வளர்ந்தது. அதற்கு முன்பு சுரப்பியையே எடுத்துவிட வேண்டியிருந்த பலருக்கு இன்று அதைக் காப்பாற்ற முடிகிறது. வேறு வழியில்லாதபோது மட்டுமே சுரப்பியை அகற்றுகிறார்கள். கன்னச் சுரப்பியின் நடுவே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுவதால் அந்த அறுவைச் சிகிச்சை நுட்பமானது. ஊசியால் குத்துவது, சூடு வைப்பது போன்ற கைவைத்தியம் அங்கே கூடவே கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொன்னுக்கு வீங்கிக்கும் எலுமிச்சை கொடுக்கலாமா? வேண்டாம். கல்லுக்கு உதவும் புளிப்பு, பொன்னுக்கு வீங்கியில் வலியைத்தான் கூட்டும். கஞ்சி, சூப், தண்ணீர் போதும்.

போன முறை வாங்கிய ஆன்டிபயாடிக் மீதி இருக்கிறது, அதையே கொடுக்கலாமா? கூடாது. வைரஸ் என்றால் பயனில்லை. பாக்டீரியா என்றால் தவறான மருந்து கிருமிக்குப் பழக்கமாகிவிடும்.

ஒத்தடம் சூடா, குளிர்ச்சியா? பொன்னுக்கு வீங்கிக்கு எது இதமாக இருக்கிறதோ அது. கல்லுக்கும் கிருமி அழற்சிக்கும் வெதுவெதுப்பு. தோல் சுடும் அளவுக்கு வேண்டாம். இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சூடு தெரியாமல் போகலாம்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது? மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தவில்லை என்றால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். காலையும் இரவும் பல்லையும் நாக்கையும் மென்மையாகத் துலக்கிவிடுங்கள். பல் செட்டைக் கழற்றிக் கழுவுங்கள். அப்பாவுக்குச் சோறு ஊட்டுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறோமா?

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், வாய் திறக்க முடியாமை, நாக்குக்கு அடியில் வீக்கம், குறையாத காய்ச்சலும் நடுக்கமும், முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப் போவது, வயதானவருக்குச் சிவந்து சுடும் கன்னத்தோடு மயக்கம் அல்லது குழப்பம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள்.

பொன்னுக்கு வீங்கி என்ற அழகான பெயரைக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். ஆன்டிபயாடிக்கும் ஸ்கேனும் இல்லாத காலத்தில், தெரிந்ததைக் கொண்டு பிள்ளையை அன்போடு பார்த்துக்கொண்டார்கள். அந்த அன்பு நமக்கும் வேண்டும். அதோடு, எப்போது வந்தது, எந்தப் பக்கம், வலிக்கிறதா, காய்ச்சலா என்ற நான்கு கேள்விகளும் வேண்டும். அவற்றுக்கான பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவரின் வேலை பாதி குறையும். உங்கள் கவலையும் குறையும்.

அடுத்த வாரம் வேறொரு பொருளோடு சந்திப்போம். அதுவரை தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.